எஞ்சினை மாற்றுவோர் பிரேக்கை மறக்கலாகாது

காரைதீவிலிருந்து கல்முனைச் சந்தைக்கு மீனும் மரக்கறியும் ஏற்றிச் செல்லும் சிறிய பிக்கப் வாகனங்கள் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், வரியோடு சேர்ந்த விலை எளியோருக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. ஆகவே, தேய்ந்துபோன பெற்றோல் எஞ்சினை அகற்றி, ஜப்பானியக் காரொன்றின் டீசல் எஞ்சினைப் பொருத்துவோரை நாம் குறைகூறமாட்டோம்.

ஆயினும், எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. டீசல் எஞ்சின் பாரமானது. முன்புற ஸ்பிரிங்குகளை அதற்கேற்ப வலுப்படுத்த வேண்டும். அதனினும் முக்கியமானது பிரேக். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடமே பல வாகனங்களில் பிரேக் மிதிக்கு வலுவூட்டுகின்றது. டீசல் எஞ்சினில் காற்று பெரும்பாலும் தடையின்றி உட்செல்வதால் அவ்வெற்றிடம் கிட்டாது. எனவே வெற்றிடப் பம்பி அவசியம். பல கார் எஞ்சின்களில் அது ஓல்டனேற்றரின் பின்புறத்தில் அமைந்திருக்கும். வேறு ஓல்டனேற்றரைப் பூட்டுவோர் பம்பியையும் இழந்துவிடுகின்றனர்.

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் குறிக்கப்பட்டுள்ளன. மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாதுவிட்டால், விபத்தொன்றின்போது காப்புறுதியும் கேள்விக்குறியாகலாம். வருடாந்தப் புகைப் பரிசோதனையும் இரு எரிபொருள்களுக்கும் வெவ்வேறானது.

பாடசாலைப் பிள்ளைகள் நடமாடும் வீதியில் சுமையேற்றிய வாகனம் உரிய இடத்தில் நின்றாக வேண்டும். பம்பியின் விலையை மீதப்படுத்தப் போய் உயிர்களைப் பணயம் வைப்பது சிக்கனமாகாது.