வார்த்தை இல்லாத டெட்ராய்ட் மெட்டுகள்

1987இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் ‘ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்’. உருவாக்கியவர் பெயராகத் தட்டில் அச்சாகியிருந்தது ‘ரிதிம் இஸ் ரிதிம்’. அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் டெரிக் மே என்ற கறுப்பின இளைஞர். கிளப்பில் ஆடுவதற்கென்றே செய்த இசை அது. ஆனால் அதில் பேஸ் கிடையாது.

நடன இசையில் ஆடுபவரின் உடம்பைப் பிடித்து இழுப்பதே அந்த அடித்தொனிதான். அதை எடுத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கூட்டம் கலையவில்லை. 1988, 89இல் இங்கிலாந்தின் கிளப்புகளிலும் திறந்தவெளி இரவுக் கொண்டாட்டங்களிலும் அந்தத் தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. இன்றும் டெக்னோ எனப்படும் இந்த மின்னணு நடன இசையைக் கேட்பவர்களிடம் மனத்தை விட்டு அகலாத ஒரு ட்ராக்கைச் சொல்லச் சொன்னால், பலர் வாயில் முதலில் வருவது இதன் பெயர்தான்.

அதன் உயிர் பியானோவில் இருக்கிறது. மைக்கேல் ஜேம்ஸ் என்ற நண்பர் வாசித்த மெதுவான மெட்டு அது. மே அதிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, வேகத்தைக் கூட்டி, டிரம் மெஷினின் தாளத்தின் மேல் ஏற்றினார். வயலின் கூட்டம் போன்ற ஒலித் துண்டுகள் குறுக்கே வந்து மோதுகின்றன. தாளம் எந்திரத்துக்கே உரிய பிசகாத கணக்கில் நடக்கிறது. பியானோவில் மட்டும் ஒரு மனிதக் கையின் துடிப்பு மிஞ்சியிருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று முழுதாகக் கரைந்துபோகாமல் இருப்பதுதான் இந்த ட்ராக் நினைவில் தங்குவதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் சிகாகோவின் புகழ்பெற்ற டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ்.

டெக்னோ பிறந்த கதையைச் சொல்பவர்கள் உடனே டெட்ராய்ட்டின் கார் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுவார்கள். எந்திரங்களின் ஓசையே இசையானது, பாழடைந்த நகரத்தின் அழுகை அது என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. 1950இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் 1990இல் சுமார் 10.3 லட்சமாகச் சுருங்கியது. கறுப்பின இசையை உலகெங்கும் கொண்டுபோன மோட்டவுன் நிறுவனமே 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் டெக்னோவைத் தொடங்கிய ஜுவான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் பழகியது நகரத்துக்கு வெளியே, பெல்வில் என்ற சிற்றூரின் பள்ளியில். எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற வானொலி அறிவிப்பாளர் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் இசைக்குழுவையும் அமெரிக்காவின் பார்லிமென்ட் இசைக்குழுவையும் ஒரே இரவில் ஒலிபரப்பினார். இவர்கள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். ஆட்கின்ஸ், ஆல்வின் டாஃப்லர் எழுதிய ‘மூன்றாம் அலை’ நூலைப் படித்துவிட்டு வரப்போகும் காலத்தைப் பற்றிக் கனவு கண்டவர். இழந்த ஊருக்காக அழுவதைவிட, இன்னும் வராத ஊரைக் கற்பனை செய்வதில்தான் இவர்களுக்கு ஆர்வம் அதிகம். ஒப்பாரியாக இருந்திருந்தால் இந்த இசை அந்த ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது.

கருவிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1983இல் கொண்டுவந்த டிஆர்-909 டிரம் மெஷின் நிஜ டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று இசைக்கலைஞர்கள் ஒதுக்கிவிட்டார்கள். சுமார் 10,000 கருவிகளோடு தயாரிப்பு நின்றது. பழைய பொருள் விலைக்கு வந்த அந்தக் கருவியைத்தான் இந்த இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். நிஜ டிரம்ஸ் போல ஒலிக்காததே அவர்களுக்கு வேண்டியதாக இருந்தது.

அடுத்த தலைமுறையில் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது ‘ஜாகுவார்’. 1999இல் ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ என்ற டெட்ராய்ட் இசை லேபிள் அதை வெளியிட்டது. மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய அமைப்பு அது; முகத்தை மறைத்துக்கொண்டு மேடையேறியவர்கள், பெருநிறுவனங்களின் பக்கமே போகாதவர்கள். ‘ஜாகுவார்’ செய்தவர் டிஜே ரோலாண்டோ. மெக்சிகோ வழிவந்த குடும்பங்கள் நிறைந்த தென்மேற்கு டெட்ராய்ட்டைச் சேர்ந்தவர். ட்ராக் வெறும் தாளமாகத் தொடங்கும். அதன் மேல் ஒவ்வோர் அடுக்காக ஏறும். மெட்டு முழு உருவத்தோடு உடனே வந்துவிடாது; நம்மைக் காக்கவைக்கும். தந்தி வாத்தியங்கள் போன்ற அந்தச் சின்தசைசர் ஒலி கடைசியில் விரியும்போது, ஆடிக்கொண்டிருப்பவர்களும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மகிழ்ச்சியா ஏக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத மெட்டு அது.

இதன் வலிமையை அளந்து காட்டிய ஒரு சம்பவமும் உண்டு. ஜெர்மனியில் சோனி நிறுவனம் இந்த ட்ராக்கை வெளியிட விரும்பியது, லேபிள் இணங்கவில்லை. அனுமதி இல்லாமலேயே அதே மெட்டைச் சுரத்துக்குச் சுரம் திரும்ப வாசிக்கவைத்து ஒரு நகல் தயாரானது. உலகம் முழுவதிலுமிருந்து ரசிகர்கள் மின்னஞ்சலில் கண்டனத்தைக் கொட்டினார்கள். சோனி பின்வாங்கியது, இன்னொரு பெருநிறுவனம் அந்த நகலைக் கையில் எடுத்தது. டெட்ராய்ட்காரர்கள் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி ஜாகுவார்’ என்ற புதிய தட்டை வெளியிட்டுப் பதில் சொன்னார்கள். ஒரு வரி பாட்டுகூட இல்லாத இசைக்காக, அதைச் செய்தவர்களின் முகத்தைக்கூடப் பார்த்திராத மனிதர்கள் கொதித்தெழுந்தார்கள். நினைவில் நிற்பது என்றால் இதுதான்.

ஜெஃப் மில்ஸின் ‘தி பெல்ஸ்’ வேறு வகை. மணியோசை போன்ற ஒரு சிறு சுர வரிசை, அதையே திரும்பத் திரும்ப, மூச்சுவிட இடம் தராத வேகத்தில். 2005இல் தெற்கு பிரான்ஸில், ரோமானியர் கட்டிய பாண்ட் டு கார்ட் பாலத்தின் அருகே மோன்பெல்லியே இசைக்குழு அதை முழு ஆர்க்கெஸ்ட்ராவாக வாசித்தது. மில்ஸும் மேடையில் இருந்தார்.

‘ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்’ பின்னால் வார்த்தைகளையும் பெற்றது. சோல் சென்ட்ரல் குழு பாடகி கேத்தி பிரவுனைப் பாடவைத்து வெளியிட்ட வடிவம் 2005இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம்வரை போனது. நல்ல குரல், குறையில்லாத பதிவு. ஆனால் அந்தப் பியானோ சொல்லாமல் விட்டதை வரிகள் சொல்லி முடித்துவிடுகின்றன. கேட்பவர் தன் சொந்த நினைவை வைக்கும் இடம் அதில் இல்லை. எனக்கு 1987இன் தட்டே போதும்.

புதிதாகக் கேட்க விரும்புபவர்கள் ‘ஜாகுவாரி’லிருந்து தொடங்குங்கள். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் வேண்டாம். நல்ல ஹெட்ஃபோனோ பெரிய ஸ்பீக்கரோ வேண்டும். முதல் இரண்டு நிமிடங்களில் ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றினால் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். கடைசிவரை கேளுங்கள்.