ஆங்கிலச் சொல்வளம்: மனப்பாடம் போதுமா?



ஒரு பழைய கதையோடு தொடங்குகிறேன். 1998-இல் நான் நியூ ஜெர்சிக்கு வந்த புதிது. ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் வேலை. கடை நடத்தி வந்த வாடிக்கையாளர் ஒருவர், வரி பாக்கியைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டிருந்தார். அனுமதியும் வந்துவிட்டது. நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்ற ஆசையில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "சாங்ஷன்" ஆகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு தழுதழுத்த குரலில், "நான் என்ன தப்பு செய்தேன்? எவ்வளவு அபராதம்?" என்று கேட்டார்!

நம் ஊரில் வங்கிக் கடன் "சாங்ஷன்" ஆனால் வீட்டில் பாயசம் வைப்போம். இந்த நாட்டிலோ அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்டனை, தடை. அகராதியில் இரண்டு பொருளும் உண்டு. எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் எச்சரிக்கையாக இருந்திருப்பேன். நன்றாகத் தெரியும் என்று நினைத்த சொல்தான் காலை வாரியது.

நம் வானொலி நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்கள் பலர் ஆங்கிலச் சொல்வளம் பற்றிக் கேட்கிறார்கள். பிள்ளைகளின் தேர்வுக்காகக் கேட்கும் பெற்றோர் உண்டு. அலுவலகக் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் இளைஞர் உண்டு. மருத்துவர் சொல்வது பாதிதான் புரிகிறது என்று வருந்தும் பெரியவர்களும் உண்டு. "எந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யலாம்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அந்தக் கேள்வியையே சற்று சோதித்துப் பார்ப்போம்.

எட்டுப் பேர் வென்ற இரவு

ஸ்கிரிப்ஸ் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியை அறியாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. 1925-இல் தொடங்கிய போட்டி அது. 1985-இல் பாலு நடராஜன் வென்றபோது, இந்திய வம்சாவளியில் முதல் வெற்றியாளர் என்ற பெயர் பெற்றார். 1999-இல் நூபுர் லாலா வென்றார். அந்த ஆண்டுப் போட்டியைப் படம் பிடித்து 2002-இல் வெளிவந்த "ஸ்பெல்பவுண்ட்" ஆவணப்படம், பல வீடுகளில் அந்த ஆசையை விதைத்தது. 2008 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் வெற்றி மேடையில் நம் நாட்டு வம்சாவளிப் பிள்ளை ஒருவராவது நின்றார்.

2019 மே மாத இறுதியில் ஒரு விந்தை நடந்தது. சுற்று மேல் சுற்றாகக் கேட்டும் எட்டுப் பிள்ளைகள் தவறவே இல்லை. நள்ளிரவை நெருங்கும் வேளையில், இனி உங்களைத் திணறடிக்க எங்களிடம் போதுமான சொற்கள் இல்லை என்று நடத்துநர்களே ஒப்புக்கொண்டார்கள். 20 சுற்றுகளுக்குப் பிறகு எட்டுப் பேரும் வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். அந்த எட்டில் ஆறு பேர் நாம் வாழும் பகுதிகளின் பிள்ளைகள்: டெக்சாஸில் மூவர், நியூ ஜெர்சியில் இருவர், சான் ஹோசேயில் ஒருவர்.

பெருமைதான். ஆனால் நடத்துநர்கள் சும்மா இருக்கவில்லை. 2020-இல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. 2021-இல் மீண்டும் நடந்தபோது, மேடையிலேயே சொல்லின் பொருளையும் கேட்கும் சுற்று ஒன்று சேர்ந்துவிட்டது. எழுத்துக் கூட்டினால் மட்டும் போதாது, பொருளும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆனது.

கறிவேப்பிலையும் குஞ்சும்

அந்த 2021-இல் லூசியானா மாணவி ஸைலா அவான்ட்-கார்டுக்கு வெற்றி தேடித் தந்த சொல் "மர்ராயா". ஒரு தாவர இனத்தின் பெயர். நம் அடுக்களைக்கு நெருங்கிய சொந்தம்! தாளிக்கும்போது போடும் கறிவேப்பிலையைத் தாவர நூல்கள் "மர்ராயா கோனிகை" என்றுதான் நெடுங்காலமாகக் குறித்து வந்தன. முதல் பாதி மர்ரே என்ற தாவர அறிஞரின் பெயர். இரண்டாம் பாதி, 18-ஆம் நூற்றாண்டில் நம் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்து செடிகொடிகளை ஆராய்ந்த கோனிக் என்பவரின் பெயர். இந்தக் கதையைக் கேட்ட பிறகு அந்தச் சொல்லை மறக்க முடியுமா? பட்டியலில் 2,000-ஆவது சொல்லாகப் படித்திருந்தால் மறுநாளே மறந்திருப்போம்.

2022-இல் சான் அன்டோனியோ மாணவி ஹரிணி லோகனிடம் "புல்லுலேஷன்" என்ற சொல்லின் பொருளைக் கேட்டார்கள். பறவைகள் கூடு கட்டுவது என்ற விடையைத் தேர்ந்தெடுத்தார். தேனீக்கள் மொய்ப்பதுதான் சரி என்று சொல்லி அவரை வெளியேற்றினார்கள். பிறகு நடுவர்கள் அகராதியை ஆராய்ந்து, அவருடைய விடைக்கும் இடம் இருக்கிறது என்று மேடைக்குத் திரும்ப அழைத்தார்கள். கடைசியில் அவரே வென்றார். அந்தச் சொல்லின் வேரில் இருப்பது "புல்லுஸ்" என்ற லத்தீன் சொல். குஞ்சு, இளங்குருத்து என்று பொருள். கோழி வகைகளைக் குறிக்கும் "பௌல்ட்ரி" என்ற சொல்லும் அந்த வேரில் வந்ததே. குஞ்சு பொரிப்பதும் குருத்து விடுவதும் பல்கிப் பெருகுவதுதானே? வேரைப் பிடித்துக்கொண்டால் பறவையும் தேனீயும் ஒரே கிளையில் வந்து உட்கார்ந்துவிடும்.

நிகண்டு காட்டும் வழி

நம் முன்னோர் சொற்களை எப்படிக் கற்றார்கள்? திண்ணைப் பள்ளியில் நிகண்டை வாய்விட்டு ஓதிக் கற்றார்கள். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் 12 தொகுதிகள் உண்டு. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று இனம் இனமாகத் தொகுத்து, விருத்தப் பாவில் பாடி வைத்தார்கள். அதுவும் மனப்பாடம்தான். ஆனால் சொற்கள் குடும்பமாக வந்தன, ஓசையோடு வந்தன, காது வழியாக நுழைந்தன. வள்ளுவர் "கேள்வி" என்றே தனி அதிகாரம் வைத்திருக்கிறாரே!

என் தலைமுறையில் ஜி.ஆர்.இ. எழுதிய நண்பர்கள் பேரன்ஸ் புத்தகத்தின் 3,500 சொற்களை அகர வரிசையில் உருப்போட்டார்கள். "ஏ" வரிசையில் எல்லோரும் புலி. "எம்" வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும்! இன்று தேர்வுகளும் மாறிவிட்டன. எஸ்.ஏ.டி. தேர்விலிருந்து 2005-இல் ஒப்புமைக் கேள்விகள் போயின. 2016-இல் கோடிட்ட இடம் நிரப்பும் பழைய முறையும் போனது. அதன் பிறகு ஒரு பத்தியைக் கொடுத்து, இந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றுதான் கேட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவர்களும் கண்டுகொண்டார்கள் போலும்.

கணக்கரின் பையிலிருந்து

குடும்பமாகக் கற்பது என்றால் என்ன? என் தொழிலிலிருந்தே இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

"ஆடிட்" என்ற சொல்லின் லத்தீன் வேருக்குக் கேட்டல் என்று பொருள். அக்காலத்தில் கணக்கை உரக்க வாசிப்பார்கள். அதிகாரி அமர்ந்து காதால் கேட்டுச் சரி பார்ப்பார். ஆடியோ, ஆடியன்ஸ், ஆடிட்டோரியம், ஆடிஷன் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். பகலில் ஆடிட், மாலையில் வானொலி என்று வாழும் எனக்கு இரண்டும் ஒரே வேலைதான் என்று தெரிந்த நாளில் ஒரே மகிழ்ச்சி!

"கிரெடிட்" வந்தது நம்புதல் என்ற வேரிலிருந்து. நம்பத்தக்கது "கிரெடிபிள்". நம்ப முடியாதது "இன்கிரெடிபிள்". எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவர் "கிரெடுலஸ்". நம்ப மறுப்பவர் "இன்கிரெடுலஸ்". நம்பிக்கை தரும் சான்றுகள் "கிரெடென்ஷியல்ஸ்". ஒரு வேர், ஐந்தாறு சொற்கள். ஆங்கிலச் சொற்களில் பாதிக்கும் மேல் லத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ வந்தவை என்பதால், சில நூறு வேர்கள் தெரிந்தாலே பல ஆயிரம் சொற்களின் கதவு திறக்கும்.

ஓர் எச்சரிக்கை: வேர் என்று நினைத்து ஏமாறவும் கூடாது. ரொக்கத்தைக் குறிக்கும் "கேஷ்" நம் காசிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். அது பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. நம் காசிலிருந்து வந்த "கேஷ்" வேறு. கீழை நாடுகளின் சிறு நாணயத்துக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் அது. நமக்கு உரியவை கட்டுமரம் தந்த "கட்டமரான்", சுருட்டு தந்த "செரூட்", மிளகுத்தண்ணீர் தந்த "மல்லிகடானி".

சொல்லின் எடை

பொருள் தெரிந்தால் மட்டும் போதுமா? எடையும் தெரிய வேண்டும். சோறு, சாதம், அன்னம் மூன்றும் ஒன்றுதான். ஆனால் எந்த இடத்தில் எது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே. ஒருவரை "த்ரிஃப்டி" என்றால் சிக்கனக்காரர், மகிழ்வார். "ஸ்டிஞ்சி" என்றால் கஞ்சன், மறுமுறை கணக்கு எழுத வேறு ஆளைத் தேடுவார்!

எடை தெரியாமல் புழங்கும் சொல் பிறரைப் புண்படுத்தவும் செய்யும். ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலச் செய்திகளில் சர்வ சாதாரணமாக வரும் "பரையா" என்ற சொல், பறை முழக்கிய நம் மக்கள் பிரிவு ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது. அந்த வரலாறு தெரிந்த நாம், பிள்ளைகளிடம் அதைச் சொல்லி, அந்தச் சொல்லைத் தவிர்க்கக் கற்றுத் தருவதே முறை.

இடமும் முக்கியம். என் தாயார் இங்கே வந்திருந்தபோது எடுத்த ஸ்கேன் அறிக்கையில் "அன்ரிமார்க்கபிள்" என்று எழுதியிருந்தது. குறிப்பிடும்படி எதுவும் தெரியவில்லையே, படம் சரியாக விழவில்லையோ என்று இரவெல்லாம் கவலைப்பட்டேன். மருத்துவ மொழியில், கவலைப்படும்படி எதுவும் தென்படவில்லை என்று அதற்குப் பொருள். அவ்வளவு நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இரவுத் தூக்கத்தை இழந்தேன்.

என்ன செய்யலாம்?

வாரத்துக்கு ஐந்து சொற்கள் போதும். நீங்கள் கேட்ட அல்லது படித்த சொற்களாக இருக்கட்டும். அந்தச் சொல் வந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்கள். உரக்கச் சொல்லிப் பாருங்கள். வேரையும் உறவுகளையும் அகராதியில் தேடுங்கள். ஒத்த தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் அமையுங்கள். பிறகு மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று திரும்பப் பாருங்கள். படித்தது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதித்து 1885-இல் எழுதி வைத்தார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதே அதற்கு மருந்து. பேசிப் பழக இடம் வேண்டுமென்றால், உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் ஆங்கில உரையாடல் வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பல நூலகங்கள் இலவசமாகவே நடத்துகின்றன.

வாரம் ஐந்து என்றால் ஆண்டுக்கு 260. பத்து ஆண்டில் 2,600. இது என் தொழில் கணக்கு, தவறாது! அத்தோடு ஒவ்வொரு வேரும் நாலைந்து உறவினரை அழைத்து வரும். அது வட்டி.

அந்தக் கடைக்காரரிடம் அன்று மன்னிப்புக் கேட்டு, "அப்ரூவ்" என்ற எளிய சொல்லால் செய்தியைத் திருப்பிச் சொன்னேன். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சிரித்தார். பெரிய சொல்லை அறிந்து வைப்பது நல்லதே. கேட்பவர் மனத்தில் அது என்னவாக விழும் என்று அறிவது அதைவிட நல்லது. இன்று இரவு சாப்பாட்டு மேசையில் உங்கள் பிள்ளையிடம் ஒரு சொல்லைக் கேளுங்கள். எழுத்துக் கூட்டச் சொல்லாதீர்கள்; அதன் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

மீண்டும் காற்றலையில் சந்திப்போம்.