தணிகை எல்லையும் மகளிர் தாயவுரிமையும்

தாயம் என்பது முன்னோர்வழி எய்தும் உரிமை. கரிகாலன் எய்திய அரசுரிமையைப் பட்டினப்பாலை இச்சொல்லாற் சுட்டுகின்றது. தாயத்திற்குரியாரைத் தாயாதி என்றும் பங்காளி என்றும் தமிழர் வழங்குவர். தாயாதி தெலுங்கிலும் உண்டு. எனினும், குடியிற் பிறந்த மகளைப் பங்காளி எனல் மரபன்று. இவ்வழக்கின் பின்நின்ற சட்டநிலை மாறிய வரலாற்றை, இருமொழி கலந்த திருத்தணிப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 சூன் 17இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் திருத்தணி ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. உயில் எழுதாது இறந்த தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த பங்கை அச்சட்டம் அளித்தது. ஆயின், பிறப்பால் வரும் கூட்டுக்குடும்ப உரிமை ஆண்மக்களுக்கே நின்றது. மனைவியை இழந்த ஒருவர்க்கு ஒரு மகனும் ஒரு மகளும், பூர்வீக நிலம் 12 ஏக்கரும் உள எனக் கொள்வோம். அவர் இறப்பின், முதலில் தந்தைக்கு 6, மகனுக்கு 6 எனப் பிரித்தல் வேண்டும். தந்தையின் 6 ஏக்கர் மக்கள் இருவர்க்கும் சமமாகச் செல்லும். முடிவில் மகன் பெறுவது 9 ஏக்கர். மகள் பெறுவது 3.

வடவெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மேற்கூறிய சட்டம் இரு மாநிலங்கட்கும் பொதுவாதலின், அன்று பங்குமுறையில் வேற்றுமை தோன்றவில்லை. பின்னரே அது தோன்றிற்று.

ஆந்திரம் 1985 செப்டம்பர் 5 முதலாகவும், தமிழ்நாடு 1989 மார்ச்சு 25 முதலாகவும், மகளைப் பிறப்பாற் பங்குடையவளாக்கித் திருத்தம் செய்தன. இம்முறையில் தந்தை, மகன், மகள் மூவர்க்கும் 4 ஏக்கராக, தந்தையின் 4 ஏக்கரும் இருமக்களுக்கும் பகுக்கப்படும். மகளுக்கு 6 ஏக்கர் கிடைக்கும். ஆனால் இரு திருத்தங்களும் தத்தம் தொடக்க நாளுக்கு முன் மணந்த மகளிரை விலக்கின. எனவே, 1987இல் மணந்த மகள், குடும்பச் சொத்து முன்னரே பிரிக்கப்படாதிருப்பின், நகரிப் பக்கத்தில் பங்குரிமை உடையவள். திருத்தணிப் பக்கத்தில் அஃதில்லாதவள். மொழிபற்றி வரைந்த எல்லை, மூன்றரை ஆண்டு காலம் மகளிர் உரிமையின் எல்லையாகவும் நின்றமை ஈண்டுக் கருதத்தக்கது.

2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த நடுவணரசின் திருத்தம் மணம்பற்றிய இவ்விலக்கை நீக்கிற்று. அந்நாளில் தந்தை உயிரோடிருத்தல் வேண்டுமோ என்னும் ஐயத்தை, வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்டு 11இல் அகற்றியது: உரிமை பிறப்பால் வருவது, ஆதலின் தந்தை இருந்திருத்தல் வேண்டா. எனினும், 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுபெற்ற ஆவணத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ முடிந்த பாகப்பிரிவினை மாறாது.

சட்டம் இன்று மகளைப் பங்காளியாக்கியுள்ளது. சொல்வழக்கோ இன்னும் பழைய பொருளிலேயே நிற்கின்றது. அகராதி தொகுப்போர் இச்சொல்லுக்குப் பொருள் வரையுங்கால், இம்மாற்றத்தையும் கருத்திற் கொள்ளுதல் கடன் என்பது எம் துணிபு.