சிற்றுருவும் பேருருவும்: விண்கலத் திரைக்காட்சிகள் பற்றி

திரையிற் பாய்ந்து செல்லும் விண்கலம், படமாக்கப்பட்ட கூடத்தில் அநேகமாக அசையாது நின்ற ஒரு மாதிரியுருவேயாகும், அசைந்தது கமராவே. கணினி வரைவியல் இத்துறையிற் கால்கொள்ளுமுன் நிலவிய இம்முறையை வெறும் தந்திரக் காட்சியென ஒதுக்கும் மனப்பாங்கு, அதனுள் அடங்கிய ஒளியியலையும் உழைப்பையும் மறைத்துவிடுகிறது.

சிற்றுருவைக் காட்டிக்கொடுப்பது குவியமே. கமரா மிக அண்மையிற் செல்லுகையில் கலத்தின் முனை தெளிவாகவும் வால் மங்கலாகவும் பதியும். பார்ப்போர் அதனைப் பொம்மையென உடன் உணர்வர். இதனைத் தவிர்க்க வில்லையின் துவாரத்தை மிகச் சுருக்கவேண்டும். சுருக்கினால் ஒளி குறையும். எனவே ஒவ்வொரு சட்டகத்தையும் பல விநாடிகள் ஒளிக்குக் காட்டவேண்டும். கடற்போர்க் காட்சிகளில் இது இயலாது. அலையையும் நீர்த்துளியையும் சிறிதாக்க முடியாமையால், அங்கே கமராவை விரைவாக ஓட்டி அசைவை மந்தமாக்குவர். விண்வெளியில் நீருமில்லை, காற்றுமில்லை. காலத்தைத் தாராளமாகச் செலவிடலாம்.

கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்குடன் இணைந்தெழுதி ஸ்டான்லி கூப்ரிக் இயக்கிய '2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) இவ்வாறே உருவாயிற்று. அதன் 'டிஸ்கவரி' மாதிரியுரு ஏறத்தாழ 54 அடி நீளமானது. மெல்ல மெல்ல நகர்த்தப்பட்ட கமரா ஒரு காட்சியை முடிக்க மணிக்கணக்காயிற்று. சில காட்சிகளுக்குப் படச்சுருளைத் தொடக்கத்துக்கு மீட்டு, கலத்தைக் கருந்துணியால் மூடி, சாளரங்களினுள் மனித நடமாட்டத்தைத் திரையிட்டு, அதே பாதையில் மீண்டும் படமாக்கினர். இம்மி பிசகினும் சாளரம் கலத்தைவிட்டு மிதந்து விலகிவிடும்.

'ஸ்டார் வோர்ஸ்' (1977) இம்மீள்செய்கையை மின்னணு நினைவகத்திடம் ஒப்படைத்தது. ஜோன் டைக்ஸ்ட்ராவின் பெயரால் 'டைக்ஸ்ட்ராஃபிளெக்ஸ்' எனப்பட்ட கமரா, பதிவுசெய்த அசைவுகளைப் பிசகின்றித் திரும்பச் செய்தது. தொடக்கக் காட்சியில் தலைக்குமேல் முடிவின்றி நீளும் போர்க்கலம் உண்மையில் சுமார் 3 அடி நீளமே. இத்தகைய கலங்களின் மேற்பரப்பில் செறிந்து தோன்றும் இயந்திர நுணுக்கங்களுட் பல, சிறுவர் பொருத்தி விளையாடும் தாங்கி, கப்பல் மாதிரிகளின் பிளாத்திக்குத் துண்டுகளே!

இவ்வுழைப்பு எவர் பெயரில் பதிவாயிற்று? '2001' படத்தின் சிறப்புக் காட்சிகளுக்கான ஒஸ்கார் விருது கூப்ரிக் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அக்காட்சிகளின் மேற்பார்வையாளர்களெனப் படத்திலேயே குறிக்கப்பட்ட டக்ளஸ் ட்ரம்புல், வொலி வீவர்ஸ், கொன் பெடர்சன், டொம் ஹவார்ட் ஆகியோர் அதிற் பங்குபெறவில்லை. இதனை நியாயமெனக் கொள்ளவியலாது. 1978 இல் 'ஸ்டார் வோர்ஸ்' படத்துக்கான அதே துறை விருதை ஐவர் பகிர்ந்தனர். மாதிரியுருக் கூடத்தின் தலைவரான கிராண்ட் மக்கூன் அவருள் ஒருவர். மின்னணுக் கட்டுப்பாட்டை அமைத்த அல்வா மில்லரும் ஜெரி ஜெஃப்ரஸும் அவ்வாண்டே தனியாகத் தொழில்நுட்ப விருது பெற்றனர்.