பெயர்மாற்றம்: கணினிக் கோப்பு முதல் ஊர் வரை

பெயர்மாற்றம் என்பது ஒரு பொருளை மாற்றாமல், அதைக் குறிக்கும் சொல்லை மட்டும் மாற்றுவதாகும். புதுப்பெயர் சூட்டுவது எளிது. பழைய பெயரைக் கொண்டு தேடி வருபவருக்கு வழி விட்டுவைப்பதே முக்கியம். இது கணினிக் கோப்புக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும்.

கணினிக் கோப்பு

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்ற எண் உண்டு. நாம் காணும் பெயர், அந்த எண்ணுக்கு நேரே எழுதப்பட்ட குறிப்பு மட்டுமே. ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயரை மாற்றினால் எண்ணும் உள்ளடக்கமும் அப்படியே இருக்கும். ஆனால் பழைய பெயரை நம்பி உருவாக்கிய குறியீட்டு இணைப்பு அறுந்துவிடும். கோப்பு தொலையவில்லை, அதற்குச் செல்லும் வழிதான் தொலைந்தது.

திருத்தணியின் முகவரி

திருத்தணி மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் முகவரி மட்டும் பலமுறை மாறியது:

- 1911க்கு முன்: வட ஆற்காடு மாவட்டம், சென்னை மாகாணம்
- 1911: புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டம்
- 1953: ஆந்திர மாநிலம்
- 1956: ஆந்திரப் பிரதேசம்
- 1960 ஏப்ரல் 1: செங்கல்பட்டு மாவட்டம், சென்னை மாநிலம்
- 1969 ஜனவரி 14: மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது
- 1997: திருவள்ளூர் மாவட்டம்

1960இல் நடந்த மாற்றம் படாஸ்கர் பரிந்துரையின்படி இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தால் வந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தில் ம.பொ.சிவஞானத்தின் பங்கு பெரிது.

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தார். அவர் பிறந்த மாவட்டம் வட ஆற்காடு என்றும், சித்தூர் என்றும், திருவள்ளூர் என்றும் வெவ்வேறு நூல்களில் காணலாம். இவை வெவ்வேறு ஊர்கள் அல்ல. எந்த ஆண்டின் எல்லையைக் கொண்டு எழுதினார்கள் என்பதே வேறுபாடு. 1950களின் நிலப்பத்திரத்தில் 'சித்தூர் ஜில்லா' என்று இருந்தால் அதுவும் பிழையன்று.

சுருங்கிய பெயர்கள்

அரசாணை இல்லாமலும் பெயர் மாறும். இராமகிருஷ்ணராஜுப்பேட்டை பேச்சிலும் பலகையிலும் ஆர்.கே.பேட்டை ஆகிவிட்டது. கே.ஜி.கண்டிகையும் முதலெழுத்துகளாலேயே அறியப்படுகிறது. 'கண்டிகை' என முடியும் ஊர்கள் இப்பகுதியில் பல. எல்லைக்கு அப்பால் அதுவே 'கண்ட்ரிகா' என ஒலிக்கும். முதலெழுத்துகள் வசதியானவை. ஆனால் அவற்றின் விரிவை எங்கும் எழுதி வைக்காவிட்டால், ஊர்ப்பெயரின் வரலாறு ஒரு தலைமுறையில் மறைந்துவிடும்.

மாறியவையும் மாறாதவையும்

1996இல் 'மெட்ராஸ்' ஆங்கிலத்திலும் 'சென்னை' ஆனது. ஆயினும் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ் என்ற பெயரையே வைத்துள்ளன. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு 2019இல் எம்.ஜி.இராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்டது. 'எம்ஏஎஸ்' என்ற நிலையக் குறியீடு மாறவில்லை. ஐநோடு எண்ணைப் போல அது பழைய பதிவுகளையும் புதியவற்றையும் இணைக்கிறது.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 இடப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. 'எக்மோர்' என்பதை எழும்பூர் என்றே ஒலிக்கும்படி எழுதுவது போன்றவை அதன் நோக்கம். எழுத்துக்கூட்டல் முறை பற்றிய விமர்சனங்களுக்குப் பின், சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

மாணவர்கள் கவனிக்க

- ஊர்ப்பெயரை எழுதும்போது இன்றைய பெயரையும், நிகழ்ச்சி நடந்த காலத்துப் பெயரையும் சேர்த்துக் குறிப்பிடுக.
- பழைய ஆவணத்திலுள்ள பெயரைத் திருத்தாமல் அப்படியே படியெடுத்து, விளக்கத்தை அருகில் தருக.
- கலைக்களஞ்சியக் கட்டுரையின் தலைப்பை மாற்றினால், பழைய தலைப்பிலிருந்து வழிமாற்று அமைக்க.
- கோப்பின் பெயரை மாற்றும் முன், அதைச் சுட்டும் இணைப்புகள் உள்ளனவா எனப் பார்க்க.

புதிய பெயர் இனி வருபவர்களுக்கு உதவும். பழைய பெயரின் குறிப்பு, முன்பு எழுதப்பட்ட அனைத்தையும் படிக்க உதவும். இரண்டும் இருந்தால்தான் பெயர்மாற்றம் முழுமை பெறும்.