‘பரவாயில்லை’: குறைத்துக் கூறலும் பொருள் வேறுபாடும்

‘நாட் பேட்’ என்னும் ஆங்கிலத் தொடர், ‘மோசமில்லை’ என்னும் சொற்பொருளைக் கடந்து, ‘நன்று’ எனப் பாராட்டவும் வழங்குகிறது. தமிழ்ப் பேச்சுவழக்கில் அதனையொத்த பணியைச் செய்வது ‘பரவாயில்லை’ என்பதாகும். கவலையைக் குறிக்கும் ‘பர்வா’ என்னும் பாரசீகச் சொல்லோடு ‘இல்லை’ சேர்ந்து அமைந்தது இது.

வழக்கில் இதன் பொருள் சூழலுக்கேற்பக் கிளைக்கிறது. மன்னிப்புக் கேட்பவரிடம் ‘பொருட்படுத்த வேண்டா’ என்றும், நோயுற்றவர் கூறுகையில் ‘முன்னைவிட நலம்’ என்றும் பொருள்படும். தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரம் போன்ற வேளாண் ஊர்களில், ‘வெள்ளாமை எப்படி அண்ணாச்சி?’ என்னும் வினாவுக்குப் ‘பரவாயில்ல’ என விடை வருமாயின், அது நிறைவிளைச்சலையும் குறிக்கலாம், இழப்பையும் மறைக்கலாம். பெருமை பேசினால் கண்ணேறு படும் என்னும் அச்சமும், குறையைப் பிறரிடம் சொல்லத் தயங்கும் தன்மானமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துகிறது. இவற்றுள் மங்கலத்தை நெருங்கினும், ‘பரவாயில்லை’ அதனுள் முழுதும் அடங்குவதில்லை. மங்கலம் தீயதை நல்லதாகச் சொல்வது. இதுவோ நல்லதையும் தீயதையும் நடுநிலைக்குக் கொணர்வது. ஆகவே, களஆய்விலும் மொழிபெயர்ப்பிலும் சொல்வோர், கேட்போர், சூழல் ஆகியவற்றைச் சேர்த்தே இதற்குப் பொருள் வரைதல் வேண்டும். இன்றேல், மறைக்கப்பட்ட இழப்பு ‘நன்று’ எனப் பதிவாகிவிடும்.