இங்கிலாந்தின் பாதுகாவலர் திருநாள்: புனித ஜார்ஜ் நாள் கொண்டாட்ட மரபும் மாற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

ஆண்டுதோறும் ஏப்ரல் 23ஆம் நாள் இங்கிலாந்தின் பாதுகாவலரான புனித ஜார்ஜின் திருநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இடைக்காலத்தில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இணையாக உயர்த்தப்பட்ட இந்நாள், இன்று அரசு விடுமுறைகூட இல்லாத எளிய நாளாக உள்ளது. இந்நாளின் தோற்றம், வளர்ச்சி, தளர்ச்சி, இன்றைய கொண்டாட்ட முறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு விழா எவருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவரைச் சார்ந்தே அதன் பொருளும் அமையும் என்பதும், பொறுப்பாளர் இல்லாத விழாவின் சின்னங்கள் உரிமைப் போட்டிக்கு உள்ளாகும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: புனித ஜார்ஜ், பாதுகாவலர், இங்கிலாந்து, சிலுவைக் கொடி, நாரிச், தேசிய அடையாளம்

முன்னுரை

ஐக்கிய இராச்சியம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து என்னும் நான்கு நாடுகளின் கூட்டமைப்பாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு. ஸ்காட்லாந்துக்குப் புனித ஆண்ட்ரூவும், வேல்சுக்குப் புனித டேவிட்டும், அயர்லாந்துக்குப் புனித பேட்ரிக்கும், இங்கிலாந்துக்குப் புனித ஜார்ஜும் பாதுகாவலர்களாகப் போற்றப்படுகின்றனர். இவற்றுள் பேட்ரிக் நாள் உலகின் பல நகரங்களில் பெருவிழாவாக நிகழ, மக்கள்தொகையில் மிகப் பெரிய நாடான இங்கிலாந்தின் ஜார்ஜ் நாள் உள்நாட்டிலேயே அடக்கமாகக் கழிகிறது. இம்முரண் எவ்வாறு தோன்றியது என்பதை விளக்க, அந்நாளின் வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும்.

வரலாற்று ஜார்ஜும் தொன்ம ஜார்ஜும்

ஜார்ஜைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய வரலாற்றுச் செய்திகள் மிகச் சிலவே. அவர் உரோமைப் படைவீரர் என்றும், பேரரசர் தியோக்கிளேசியன் காலத்தில் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, 303ஆம் ஆண்டளவில், மறைசாட்சியாக உயிர்நீத்தார் என்றும் மரபு கூறுகிறது. அவருடைய குடும்பம் இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவைச் சார்ந்தது என்பதும் மரபுவழிச் செய்தியே. பாலத்தீனப் பகுதியிலுள்ள லித்தா என்னும் ஊரே அவர் வழிபாட்டின் தொல்நிலையமாகும். அவர் இங்கிலாந்து மண்ணை மிதித்தவர் அல்லர்.

பறவைநாகத்தைக் கொன்று இளவரசியை மீட்ட கதை பிற்காலத்தில் சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஜேக்கபஸ் தெ வொராஜின் தொகுத்த புனிதர் வரலாற்று நூல் அக்கதையை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. அதில் நிகழ்விடம் லிபியாவிலுள்ள சிலேனே என்னும் ஊராகும். வில்லியம் காக்ஸ்டன் 1483இல் அந்நூலின் ஆங்கில வடிவத்தை அச்சிட்டார். மக்கள் வழக்காறோ கதையை உள்ளூர் மண்ணுக்கே கொணர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டுசயரின் அஃபிங்டன் ஊருக்கு அருகே பறவைநாகக் குன்று என்னும் பெயரில் ஒரு சிறு குன்று உள்ளது. அதன் உச்சியில் புல் முளைக்காத சுண்ணாம்புத் திட்டு ஒன்று காணப்படுகிறது. நாகத்தின் குருதி சிந்தியதால் அவ்விடம் வெறுமையாயிற்று என்பது அப்பகுதி மக்களின் வழக்கு. அயலார் ஒருவரை ஒரு நாடு தன்னவராக்கிக்கொள்ளும் முறைக்கு இவ்வழக்கு சிறந்த சான்றாகும்.

அரசரின் புனிதர்

ஜார்ஜின் பெயர் இங்கிலாந்துக்கு முன்னரே அறிமுகமாகியிருந்தது. 8ஆம் நூற்றாண்டில் பீட் என்னும் துறவி தம் மறைசாட்சியர் பட்டியலில் அவரைக் குறித்துள்ளார். எனினும் பின்வந்த காலத்தில் நாட்டின் புனிதர்களாகப் போற்றப்பட்டவர்கள் மன்னர் எட்மண்டும் மன்னர் எட்வர்டும் ஆவர். இருவரும் அம்மண்ணில் ஆண்டவர்கள். அவர்களைப் பின்தள்ளி ஜார்ஜ் முன்னுக்கு வந்தமைக்குப் போரே காரணம். சிலுவைப் போர்களில் படைவீரர்களின் துணைவராக அவர் புகழ்பெற்றார். முதலாம் எட்வர்டு 1277இல் வேல்சின் மீது படையெடுத்தபோது, அவருடைய வீரர்கள் ஜார்ஜின் சிலுவை பொறித்த கைப்பட்டைகளை அணிந்தனர். மூன்றாம் எட்வர்டு 1348ஆம் ஆண்டளவில் கார்ட்டர் வீரர் குழாத்தை நிறுவி, அதனை ஜார்ஜின் பாதுகாவலில் வைத்தார். அக்குழாத்தின் தேவாலயம் இன்றும் விண்சர் கோட்டையில் உள்ளது.

1415இல் ஐந்தாம் என்றி அஜின்கோர்ட் போர்க்களத்தில் பிரான்சை வென்றார். அவ்வெற்றியை அடுத்துக் கேன்டர்பரிப் பேராயர் ஹென்றி சிச்சலி ஜார்ஜ் நாளைத் திருச்சபையின் முதன்மை விழாக்களுள் ஒன்றாக உயர்த்தினார். கிறிஸ்து பிறப்பு நாளைப் போன்றே அந்நாளிலும் மக்கள் தொழிலை விடுத்து வழிபட வேண்டும் என்றாயிற்று. ஆக, இந்நாளின் பெருமை மக்களிடமிருந்து எழுந்து அரசனைச் சென்றடையவில்லை. அரசனிடமிருந்தும் போர்க்களத்திலிருந்தும் அது மக்களிடம் இறங்கி வந்தது.

நகரத்தாரின் திருவிழா

இறங்கி வந்த விழாவை நகரத்தார் தம் இயல்புக்கேற்ப மாற்றிக்கொண்டனர். இதற்கு நாரிச் நகரம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1385இல் ஜார்ஜின் பெயரால் ஒரு சங்கம் தோன்றியது. 1417இல் அதற்கு அரச பட்டயம் கிடைத்தது. ஆண்டுதோறும் சங்கத்தார் நடத்திய ஊர்வலத்தில் ஜார்ஜாக வேடமிட்டவர் குதிரைமேல் வர, துணியாலும் சட்டத்தாலும் செய்யப்பட்ட நாகத்தினுள் ஒருவர் புகுந்து அதனை ஆட்டுவித்தார். வழிபாடு, விருந்து, வறியோர்க்கு உதவி, நகராட்சி மன்றத்தாரின் அணிவகுப்பு ஆகியவை ஒரே விழாவில் இணைந்தன.

16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தம் புனிதர் வழிபாட்டை ஒடுக்கியது. நாரிச்சில் ஜார்ஜின் உருவம் ஊர்வலத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் நாகம் நீக்கப்படவில்லை. வழிபாட்டுப் பொருள் இல்லாத வேடிக்கையாக அது கருதப்பட்டதால் தப்பியது. ஸ்னாப் என்னும் செல்லப் பெயருடன் அந்நாகம் 19ஆம் நூற்றாண்டு வரை நகரத் தலைவரின் பதவியேற்பு ஊர்வலத்தில் ஆடிவந்தது. அதன் வடிவம் இன்று நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் காணக்கிடைக்கிறது. புனிதர் மறைய, அவர் கொன்ற நாகம் வாழ்ந்தது. சமயப் பொருள் நீங்கினாலும் மக்கள் விரும்பும் ஆடலும் வேடிக்கையும் நீங்குவதில்லை என்பதை இது காட்டுகிறது.

நாட்டுப்புற நாடகத்திலும் ஜார்ஜ் நிலைத்தார். முகமூடியாட்டம் போன்ற ஒருவகைச் சிறு நாடகத்தில் ஜார்ஜும் துருக்கி வீரனும் வாட்போர் புரிவர். ஒருவர் வீழ்வார். நகைச்சுவை மருத்துவர் ஒருவர் வந்து தம் மருந்தால் அவரை எழுப்புவார். இந்நாடகம் பெரும்பாலும் கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்திலும் உயிர்ப்பு விழாக் காலத்திலும் நடத்தப்படுவது. ஜார்ஜின் கதை அவருக்குரிய நாளைக் கடந்து பிற விழாக்களில் அடைக்கலம் புகுந்தமையை இதனால் உணரலாம்.

ஒன்றியமும் பேரரசும்

1606இல் ஜார்ஜின் சிவப்புச் சிலுவையும் ஆண்ட்ரூவின் குறுக்குச் சிலுவையும் ஒரே கொடியில் இணைக்கப்பட்டன. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஓரரசாயின. 1801இல் பேட்ரிக்கின் சிலுவையும் கொடியில் சேர்ந்தது. இதன்பின் ஆங்கிலேயர் தம்மை ஆங்கிலேயர் என்றும் பிரித்தானியர் என்றும் வேறுபாடின்றிக் குறித்துக்கொண்டனர். ஆட்சி, நாடாளுமன்றம், பேரரசு யாவும் இலண்டனை மையமாகக் கொண்டிருந்தமையால், தனித்த ஆங்கில அடையாளத்தை வலியுறுத்தும் தேவை அவர்களுக்கு எழவில்லை. அயர்லாந்து மக்கள் வறுமையால் கடல்கடந்து குடியேறி, அயல்மண்ணில் தம் அடையாளத்தைக் காக்கப் பேட்ரிக் நாளைப் பெருவிழாவாக்கினர். அத்தகைய நெருக்கடி ஆங்கிலேயருக்கு நேரவில்லை. விழாவை வளர்ப்பது பெரும்பாலும் இழப்பச்சமே என்பதை இவ்வொப்பீடு புலப்படுத்துகிறது.

எனினும் போர்க்காலங்களில் ஜார்ஜ் மீண்டும் அழைக்கப்பட்டார். 1918 ஏப்ரல் 23 அன்று பிரித்தானியக் கடற்படை பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்தைத் தாக்கியது. 1940இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர், குடிமக்களின் வீரச்செயலைப் போற்ற ஜார்ஜ் சிலுவை விருதை ஏற்படுத்தினார். நாகத்தை வெல்லும் ஜார்ஜின் உருவம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

இன்றைய கொண்டாட்ட முறைகள்

இன்றைய கொண்டாட்டத்தை மூன்று நிலைகளில் வகைப்படுத்தலாம்.

முதலாவது சமய நிலை. இங்கிலாந்துத் திருச்சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் இந்நாளில் சிறப்பு வழிபாடு நடத்துகின்றன. தேவாலயக் கோபுரங்களில் வெண்ணிறத்தில் சிவப்புச் சிலுவை கொண்ட கொடி ஏற்றப்படும். ஏப்ரல் 23 புனித வாரத்திலோ உயிர்ப்பு விழாவை அடுத்த எட்டு நாள்களிலோ அமைந்தால், திருச்சபை விழாவைப் பின்னுக்குத் தள்ளும். 2011இல் மே 2ஆம் நாளுக்கும், 2014இல் ஏப்ரல் 28ஆம் நாளுக்கும், 2019இல் ஏப்ரல் 29ஆம் நாளுக்கும் விழா மாற்றப்பட்டது. பொதுமக்களோ அவ்வாண்டுகளிலும் ஏப்ரல் 23ஐயே கடைப்பிடித்தனர். ஒரே புனிதருக்குச் சமய நாள் ஒன்றும் உலகியல் நாள் ஒன்றுமாக இரு நாள்கள் அமைவதே இன்றைய நிலையை உணர்த்தும்.

இரண்டாவது நிறுவன நிலை. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், ஜார்ஜைச் சாரணரின் பாதுகாவலராகத் தேர்ந்தார். ஆகவே இந்நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர் சிறுமியர் ஊர்தோறும் அணிவகுத்துச் சென்று தம் உறுதிமொழியைப் புதுப்பிக்கின்றனர். பல சிற்றூர்களில் கண்ணுக்குப் புலப்படும் ஒரே ஜார்ஜ் நாள் நிகழ்ச்சி இதுவே. ஃபியூசிலியர் படைப்பிரிவினர் தம் தொப்பியில் சிவப்பு, வெள்ளை ரோசா மலர்களைச் சூடுகின்றனர். கார்ட்டர் குழாத்தின் புதிய உறுப்பினர் பெயர்கள் இந்நாளில் அறிவிக்கப்படுவது மரபு. ஆனால் அக்குழாத்தின் ஊர்வலம் சூன் மாதத்தில்தான் விண்சரில் நிகழ்கிறது. 1894இல் தோன்றிய புனித ஜார்ஜ் அரச கழகம் விருந்துகளையும் நினைவு நிகழ்ச்சிகளையும் நடத்திவருகிறது.

மூன்றாவது மக்கள் நிலை. சட்டையில் சிவப்பு ரோசா அணிதல், மதுவிடுதிகளில் கொடித்தோரணம் கட்டுதல், வாட்டிய மாட்டிறைச்சி முதலிய மரபுணவுகளைப் பரிமாறுதல் ஆகியன பரவலான வழக்கங்கள். கால்களில் மணிகள் ஒலிக்கக் கைக்குட்டைகளை வீசியும் கோல்களை மோதியும் ஆடும் மாரிஸ் ஆட்டம் தெருக்களிலும் சந்தைத் திடல்களிலும் நிகழும். இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் மாநகரத் தலைவரின் ஆதரவில் இசையும் உணவுக் கடைகளும் கொண்ட விழா நடத்தப்பட்டு வந்துள்ளது. வில்லியம் ஷேக்ஸ்பியர் 1616 ஏப்ரல் 23 அன்று இறந்தார். 1564இல் அவர் பிறந்ததும் இதே நாளில் என்பது மரபு. எனவே அவர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் இந்நாளை ஒட்டி நிகழும் ஊர்வலமும் மலர் வணக்கமும் ஜார்ஜ் நாளுக்கு இலக்கிய மணம் சேர்க்கின்றன.

கொடியின் மீதான உரிமைப் போட்டி

1966இல் இங்கிலாந்து உலகக் கால்பந்துக் கோப்பையை வென்றபோது, வெம்பிளி அரங்கில் பார்வையாளர் அசைத்தவை பெரும்பாலும் ஒன்றியக் கொடிகளே. 1996இல் அதே அரங்கில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி நடைபெற்றபோது ஜார்ஜ் கொடிகள் நிறைந்தன. ஸ்காட்லாந்தும் அப்போட்டியில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடியதால் பொதுக்கொடி பயன்படவில்லை. 1999இல் ஸ்காட்லாந்துக்கு நாடாளுமன்றமும் வேல்சுக்குப் பேரவையும் அமைந்தன. தமக்கெனத் தனி மன்றம் இல்லாத ஆங்கிலேயரிடையே தனி அடையாளம் பற்றிய வினா அப்போது வலுப்பெற்றது.

இதற்கிடையில், குடியேறியோரை எதிர்க்கும் தீவிர வலதுசாரி இயக்கங்கள் இக்கொடியைத் தம் ஊர்வலங்களில் ஏந்தின. அதனால் பலர் கொடியை ஏற்றத் தயங்கினர். தயங்கியோர் விலக விலக, ஏந்தியோரின் உரிமை மிகுவதாகத் தோன்றிற்று. இதை உணர்ந்த அரசியல் தலைவர்களும் உள்ளாட்சி அமைப்புகளும், கொடி அனைவர்க்கும் உரியது என்பதை நிறுவ முயன்றனர். கொடியை மீட்டல் என்னும் தொடர் பொதுப்பேச்சில் இடம்பெற்றது. 2025 கோடைக்காலத்தில் பல நகரங்களின் விளக்குக் கம்பங்களில் இக்கொடிகள் கட்டப்பட்டபோது, சிலர் அதனை நாட்டுப்பற்றாகவும், வேறு சிலர் தம்மை நோக்கிய எச்சரிக்கையாகவும் கண்டனர். ஒரே துணி இருவேறு செய்திகளைச் சொல்லும் நிலை இன்னும் தீரவில்லை.

இவ்வடையாளத்தின் நெகிழ்ச்சியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளிப்படுத்துகிறது. 2011இல் இங்கிலாந்து, வேல்சு மக்களுள் 57.7 விழுக்காட்டினர் தம்மை ஆங்கிலேயர் என்று மட்டுமே குறித்தனர். 2021இல் அது 14.9 விழுக்காடாகக் குறைந்தது. பிரித்தானியர் என்று மட்டும் குறித்தோர் 19.1 விழுக்காட்டிலிருந்து 54.8 விழுக்காடாக உயர்ந்தனர். மனமாற்றத்தைவிட, வினாத்தாளில் பிரித்தானியர் என்னும் விடை முதலிடத்துக்கு மாற்றப்பட்டமையே இதற்குப் பெரிதும் காரணம். விடைகளின் வரிசை மாறியவுடன் மாறும் அளவுக்கு இவ்விரு அடையாளங்களும் பலரிடம் ஒன்றோடொன்று கலந்துள்ளன. ஜார்ஜ் நாளின் அடக்கத்துக்கு இக்கலப்பும் ஒரு காரணமாகும்.

விடுமுறை வினா

வட அயர்லாந்தில் பேட்ரிக் நாள் விடுமுறை ஆகும். ஸ்காட்லாந்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆண்ட்ரூ நாள் விடுமுறைப் பட்டியலில் சேர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் பாதுகாவலர் நாள்கள் வேலைநாள்களே. 2017இல் தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் நான்கு பாதுகாவலர் நாள்களையும் நாடு முழுமைக்கும் விடுமுறையாக்குவதாக வாக்களித்தார். அக்கட்சி அத்தேர்தலில் ஆட்சி பெறவில்லை. உயிர்ப்பு விழா, மே மாதத் தொடக்கம் ஆகிய விடுமுறைகள் ஏப்ரல் 23க்கு அருகிலேயே அமைவதும் இக்கோரிக்கைக்குத் தடையாக உள்ளது.

தமிழகத் தொடர்பு

இந்நாள் தமிழக வரலாற்றிலும் தடம் பதித்துள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் எழுப்பிய கோட்டையின் தொடக்கப் பணி ஏப்ரல் 23 அன்று நிறைவுற்றமையால், அதற்குப் புனித ஜார்ஜ் கோட்டை எனப் பெயரிடப்பட்டது என்பது வழங்கிவரும் செய்தி. தமிழக அரசின் தலைமைச் செயலகம் இன்று அங்கேயே இயங்குகிறது. ஆட்சி என்பதற்கே கோட்டை என்னும் சொல் தமிழ் நாளிதழ்களில் ஆளப்படுகிறது. இங்கிலாந்தில் தளர்ந்த ஒரு திருநாளின் பெயர், பேரரசு விட்டுச்சென்ற கட்டடத்தில் நிலைத்திருப்பது கருதத்தக்கது.

முடிவுரை

புனித ஜார்ஜ் நாள் முதலில் அரசரிடமும், பின்னர் நகரச் சங்கங்களிடமும் இருந்தது. சீர்திருத்தம் அதன் சமயப் பிடிப்பைத் தளர்த்தியது. ஒன்றியமும் பேரரசும் அதன் தேவையைக் குறைத்தன. இன்று அரசு விடுமுறையோ நிலைத்த பொதுச்சடங்கோ இல்லாத நிலையில், தேவாலயம், சாரணர், மதுவிடுதி, விளையாட்டரங்கு எனப் பலரும் தத்தம் முறையில் அதனை நடத்துகின்றனர். இவ்வெற்றிடத்தில்தான் கொடி பற்றிய போட்டி நிகழ்கிறது. கிழக்கு மத்தியதரைப் பகுதியைச் சார்ந்தவராகக் கருதப்பட்டு, ஜார்ஜியா, எத்தியோப்பியா, கத்தலோனியா, பாலத்தீனம் எனப் பல மக்களாலும் போற்றப்படும் ஒருவரை இங்கிலாந்து தன் பாதுகாவலராகக் கொண்டுள்ளது. அவரை அயலாரை விலக்கும் சின்னமாக்குவதற்கு அவர் வரலாறே இடந்தரவில்லை. இவ்வுண்மையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் விழாவாக ஏப்ரல் 23 வளருமா என்பது, அதனை இனி எவர் பொறுப்பேற்று நடத்துவர் என்பதைப் பொறுத்தே அமையும்.